வருமானம் என்ற இடத்தில் நீர் எழுதியது

போன கிழமை கணக்கெடுப்புக்கு வந்த ஒரு பிள்ளை எங்கள் வாசலில் நின்று, "வீட்டு வருமானம் எவ்வளவு, அன்ரி?" என்று கேட்டாள். நான் சொன்ன தொகையை அப்படியே பதிந்துகொண்டு போய்விட்டாள். அதன் பிறகு உம்முடைய நினைவாகவே இருந்தது. கனடாவில் நீர் காலமான செய்தி வந்து இரண்டு வருடமாகிறது. இந்த மடலை அதற்கு முன்னரே எழுதியிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாண நகரத்தின் சனத்தொகையையும் வருமானத்தையும் வீடு வீடாகப் பதியும் வேலைக்கு நம் இருவரையும் ஒரே நாளில் எடுத்தார்கள். நீர் சுன்னாகத்து வெங்காயத் தோட்டக்காரர் மகள், நான் குருநகர்க் கடல்தொழிலாளி மகள். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து வந்தவர்கள், பிறகு தீவுகளிலிருந்து வந்தவர்கள் என்று நகரம் பெருத்துக்கொண்டே இருந்தது. அதே வீடுகளின் பொடியன்கள் வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் தாய்மார் ஜெர்மனியில் இருப்பவனையும் சேர்த்துச் சொன்னார்கள். நீர் கேள்வியை மாற்றினீர்: "இந்த வீட்டிலை எத்தினை பேருக்கு உலை வைக்கிறியள், அம்மா?"

வருமானம் கேட்பதுதான் பெரும்பாடு. வெளிநாட்டுக் காசு வருகிற வீடு குறைத்துச் சொல்லும். இல்லாத வீடு மானத்துக்காகக் கூட்டிச் சொல்லும். நாம் பதிந்த குடும்பத் தலைவரின் வருமானத்தைப் பார்த்துத்தான் அரிசிக்கும் மாவுக்குமான நிவாரண அட்டை கொடுத்தார்கள்.

சொந்த வீட்டைப் பதியக் கூடாது என்பதால் எங்கள் வீட்டுக்கு நீர் போனீர். சண்டையால் கடலுக்குப் போகத் தடை. அப்பாவின் வள்ளம் ஒரு வருடத்துக்கு மேலாக மணலில் கிடந்தது. எனக்குக் கிடைத்த படிக்காசு ஆறு பேரின் ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கவே காணாது. அப்பா கதிரையில் நிமிர்ந்திருந்து, "கடல்தொழில் எண்டு எழுதும் பிள்ளை. வருமானம் முந்தின மாதிரித்தான்" என்றாராம். நீர் "ஓம் ஐயா" என்று சொல்லி நீட்டிய படிவத்தில் அப்பா வாசியாமலே கையெழுத்து வைத்தாராம். அன்று பின்னேரம் அம்மா இதைச் சொன்னபோது எனக்கு ஆத்திரம் வந்தது. அட்டை இனிக் கிடைக்காது என்று நினைத்தேன்.

மூன்றாம் கிழமை அட்டை வந்தது. அரிசியும் மாவும் வந்தன. அப்பா வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு நேரே நம் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"நான் பிச்சைக்கு எழுதச் சொன்னனானோ? உந்தப் பிள்ளை பொய் எழுதிப்போட்டுது!"

பொறுப்பதிகாரி படிவத்தை எடுத்துப் பார்த்தார். வருமானத்துக்கு நேரே ‘இல்லை’ என்று நீர் எழுதியிருந்தீர்.

"இது அவர் சொன்னதோ?"

"அவர் சொல்லேல்லை, சேர்" என்றீர்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவரின்ரை மகளெல்லோ நீர்? எது உண்மை?"

உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னால் அப்பா பொய்யராவார். அப்பா சொன்னதுதான் சரி என்றால் அட்டை போய்விடும். "எனக்குத் தெரியாது, சேர்" என்றேன்.

உம்மை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சைக்கிளை எடுக்கும்போது என்னிடம், "அரிசி வந்ததோ?" என்று கேட்டீர்.

"ஓம்."

"அப்ப சரி. வாறன்."

வீட்டில் விசாரித்துத் திருத்தும்படி அதிகாரி அந்தப் படிவத்தை என்னிடமே தந்தார். நான் புதுப் படிவத்திலும் ‘இல்லை’ என்றுதான் எழுதினேன். அதை நீர் பார்க்கவில்லை.

அப்பா மூன்று நாள் அந்தச் சோற்றைத் தொடவில்லை, நாலாம் நாள் சாப்பிட்டார். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் கிடந்தபோது, அதே அட்டையோடு அவரே வரிசையில் நின்றார். அப்போதும் உம்மைப் பற்றி நல்ல சொல் ஒன்று அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் உம்மைத் தேடி வரவில்லை. வெட்கம்தான்.

"அவ எழுதினதுதான் உண்மை, சேர்." இந்த ஒரு வசனத்தை இத்தனை வருடமாக வாய்க்குள்ளே வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டிய அன்று அதைச் சொல்லாமல், மத்தியானம் வீட்டுக்குப் போய், நீர் வாங்கித் தந்த சோற்றை வயிறு நிறையச் சாப்பிட்டேன்.