இடுப்பு முப்பத்தெட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமென்று போனில் கத்திச் சொல்லிவிட்டாய், அதனால் கேட்கவில்லை. போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். இங்கே நான் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அங்கே நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைக்கிறாய்; ஜாக்கெட் வாங்க வந்தவர்களெல்லாம் என்னை நலம் விசாரிக்கிறார்கள்.

முழங்காலில் சவ்வு கிழிந்திருக்கிறதாம். அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும், ஆனால் இந்த எடையோடு செய்ய மாட்டேன் என்கிறார் எலும்பு டாக்டர். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டேன். "உங்களால முடியற ஒரு எடையை நீங்களே சொல்லுங்கம்மா. நான் இருபது கிலோன்னு சொல்றதும், நீங்க தலையாட்டிட்டுப் போய் ரெண்டே வாரத்துல விட்டுடறதும் நான் நிறைய பாத்தாச்சு" என்றார். இப்போது தொண்ணூற்றாறு. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வாயில் எந்த எண்ணும் வரவில்லை அக்கா. கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு உப்பை மில்லிகிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுக்கிறவள் நான். என்னை நிறுக்க நினைத்தால் மட்டும் விடுதி நாட்கள் வந்து நிற்கின்றன. விடிந்ததிலிருந்து எடை மெஷினில் ஏறி இறங்கி, சாப்பாட்டைக் காகிதத்தில் சுற்றி எறிந்து, கடைசியில் மாடிப்படியில் விழுந்து கிடந்தேனே. அந்த மெஷினை வாசலில் போட்டு உடைத்தவள் நீ. என்னால் முடிகிற எடை எதுவென்று உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

உன்
உருண்டை


பிப்ரவரி 18

என் உருண்டைக்கு,

கடிதம் கிடைச்சுது. கடையில வச்சுப் படிக்காம, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சேன். மாமா "யாருடி லவ் லெட்டர் போட்டிருக்கிறது?" என்று கதவைத் தட்டினார். "உங்களுக்குத்தான் யாரும் போடலை"ன்னு சொன்னேன்.

கிலோவை விடு. கிலோ உன்னைப் படுத்தின பாடு போதும். உன் இடுப்பு நாற்பத்திரண்டு, அது என் கைக்கே தெரியும். முப்பத்தெட்டுக்கு வந்தா பத்துக் கிலோ இறங்கியிருக்கும். ஆறு மாசத்துக்கு அது நடக்கிற காரியம்தான். டாக்டர்கிட்ட எண்பத்தாறுன்னு தைரியமாச் சொல்லு.

ஆனா ஒண்ணு. வீட்டில எடை மெஷின் கூடாது, அளவு நாடாவையும் தொடக்கூடாது. நான் அளவைக் குறைச்சுக் குறைச்சு பேண்ட் தைச்சு அனுப்புறேன். முதல்ல நாற்பது, அப்புறம் முப்பத்தெட்டு. போட்டுப் பாரு, கொக்கி மாட்டினா நீ இறங்கிட்டேன்னு அர்த்தம். மாட்டலைன்னா இன்னும் கொஞ்சம் நட. புதுசு வந்ததும் பழசையெல்லாம் எனக்கு அனுப்பிடு. கண்ணெதிரே கிடந்தா மனசு அதிலயே போய் உட்காரும். எடை மெஷின் பொய் சொன்னாலும் துணி சொல்லாது.

பட்டினி மட்டும் கிடக்காதே. சத்தியம் பண்ணியிருக்கே.

அக்கா


மே 4

அன்புள்ள தையல் மகாராணிக்கு,

மாட்டிவிட்டது! நாற்பது மாட்டிவிட்டது! மூச்சைக்கூட இழுத்துப் பிடிக்கவில்லை. குளியலறையிலிருந்து கத்தினேன். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து உன் தங்கை வீட்டுக்காரர் துண்டோடு ஓடிவந்தார்.

டாக்டரிடம் எண்பத்தாறு என்று சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது யோசிச்ச ஆள் சொல்ற நம்பர்" என்றார். உன் பெயரைச் சொல்லாமல் பாராட்டை நானே வாங்கிக்கொண்டேன், மன்னித்துக்கொள். ஆகஸ்டுக்குத் தேதி கொடுத்திருக்கிறார். நடுவில் ஒருமுறை எடை பார்க்க வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. எனக்குத்தான் உன் பேண்ட் இருக்கிறதே.

தினமும் ஆய்வக வராந்தாவில் காலை இழுத்து இழுத்து நடக்கிறேன். நூலகத்து அம்மா "நல்லா இளைச்சிட்டீங்களே" என்கிறாள். கேட்கும்போதே கழுத்து நிமிர்கிறது. ஆரம்பத்தில் இருந்த கெடுபிடி இப்போது இல்லை. இராத்திரி என் பிள்ளை மிச்சம் வைத்ததை எடுத்துச் சாப்பிடுகிறேன். உடம்பு தானாக இறங்கிக்கொண்டிருக்கும்போது ஏன் அதோடு சண்டை?

பழைய பேண்ட் ஐந்தும் இதோடு வருகின்றன. ஒன்றைக்கூட நிறுத்திக்கொள்ளவில்லை.

உன்
அரை உருண்டை


ஜூலை 20

உருண்டைக்கு,

இதோ முப்பத்தெட்டு. உள்பட்டையில சிவப்பு நூலால நம்பர் போட்டிருக்கேன். போட்டுக்கிட்டு மகாராணி மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போ. காலைச் சரி பண்ணிக்கிட்டு வா. இங்கே தீபாவளிக் கூட்டம் மாதிரி ஆவணிக் கல்யாணத் துணி குவிஞ்சு கிடக்கு, அதிகம் எழுத முடியலை.

அக்கா


ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போனில் நீ கேட்டால் குரல் உடைந்துவிடும். அதனால்தான் உன் அழைப்புகளை எடுக்கவில்லை.

முப்பத்தெட்டு மாட்டியது. கல்லூரியில் ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பிள்ளையை மாமியார் வீட்டில் விட்டோம். பையில் மாற்றுத்துணி, புத்தகம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு போனேன். உன் பேண்டைத்தான் போட்டிருந்தேன். நர்ஸ் எடை மெஷினைக் காட்டினாள். சிரித்துக்கொண்டே ஏறினேன். தொண்ணூற்றைந்து.

"மெஷின் ரிப்பேரா இருக்கும், வேற பாருங்க" என்றேன். அவள் வேறொன்றைக் கொண்டுவந்தாள், பாவம். அதிலும் அதே எண். "மேடம், இடுப்பையும் பாத்துடலாம்" என்று நாடாவைச் சுற்றினாள். நாற்பத்திரண்டு. நான் பேண்டின் உள்பட்டையைத் திருப்பி உன் சிவப்பு நூலைக் காட்டினேன். யோசித்துப் பார் அக்கா. தலை நரைத்தவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, பேண்டைத் திருப்பி ஒரு சின்னப் பெண்ணிடம் சாட்சி காட்டுகிறேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "நடுவுல வந்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். என் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மூட்டு மேலும் தேய்ந்திருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து நாடா வாங்கிவரச் சொல்லி இரண்டு பேண்டையும் அளந்தேன். நீ நாற்பது என்று அனுப்பியதும் நாற்பத்திரண்டு. முப்பத்தெட்டு என்று அனுப்பியதும் நாற்பத்திரண்டு. என் வீட்டுக்காரர் "அவசரத்துல தப்பா வெட்டியிருப்பாங்க" என்றார். முப்பது வருடமாகத் தைக்கிறவள் ஒரு தடவை இரண்டு அங்குலம், அடுத்த தடவை நாலு அங்குலம் என்றா தப்பாக வெட்டுவாள்?

என்ன செய்தாய் என்று எழுது.

தங்கை


செப்டம்பர் 1

என் கண்ணுக்கு,

நாலு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு இதை எழுதுறேன்.

முதல் பேண்டை நிஜமா நாற்பதுக்குத்தான் தைச்சேன். அனுப்புறதுக்கு முன்னாடி நீ போன் பண்ணினே. ஞாபகம் இருக்கா? சிரிச்சுக்கிட்டே, "சேரலைன்னா பட்டினி கிடந்தாவது சேர வச்சுடுவேன்"னு சொன்னே. எனக்கு மாடிப்படியில கிடந்த உன் முகம் வந்துடுச்சு. போனை வச்சதும் தையலைப் பிரிச்சேன். ஒரு தடவைக்கு இருக்கட்டும், சந்தோஷத்துல நீ தானா இளைச்சிடுவேன்னு நினைச்சேன். அப்புறம் நீ எழுதின கடிதத்தைப் படிச்சேன். அவ்வளவு சந்தோஷமா நீ எனக்கு எழுதி எத்தனை வருஷம் ஆச்சு? அதுக்கு மேல எப்படிச் சொல்றது?

திட்டு. அடி. ஆனா போனை எடு. நானே அங்கே வந்து, ஆபரேஷன் முடியற வரைக்கும் சமைச்சுப் போடுறேன். உன் வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன், "பாசத்துலதானே செஞ்சீங்க, வாங்க"ன்னு சொல்லிட்டார்.

அக்கா


அக்டோபர் 12

அக்காவுக்கு,

வர வேண்டாம். அவர் சம்மதித்தது அவருடைய பெருந்தன்மை. அவர் மெஷினில் ஏறவில்லை.

நீ பயந்தது பொய் இல்லை. ஒரு வரி எழுதியிருக்கலாம், "எனக்குப் பயமா இருக்குடி" என்று. நான் உட்கார்ந்து யோசித்திருப்பேன். சின்ன எண்ணாகக்கூட மாற்றியிருப்பேன். என்னால் முடிகிற எடை எதுவென்று உன்னைக் கேட்டேன். தொண்ணூற்றாறு என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, சிவப்பு நூலில் முப்பத்தெட்டு என்று தைத்து அனுப்பினாய். முடியாது என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை.

நான் கத்தின சத்தத்தை, நூலகத்து அம்மாவிடம் நிமிர்ந்த கழுத்தை எல்லாம் நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்த வராந்தாவில் இப்போதும் நடக்கிறேன். அவள் என்னைப் பாராட்டினால் வேறு பேச்சு பேசுகிறேன்.

டாக்டரிடம் புது எண் சொல்லியிருக்கிறேன், புது வருடத்துக்குள் முடிகிற எண். பழையதைவிடக் கிட்டே இருக்கிறது. "இது போதும், இதுல செஞ்சுடலாம்" என்றார். வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஒரு பெண் எடை பார்க்கிறாள். நான் சுவரைப் பார்த்து நிற்பேன், அவள் குறித்துக்கொள்வாள். மாதக் கடைசியில் மட்டும் சொல்வாள். சென்ற மாதம் சொன்னாள். அது எவ்வளவு என்று உனக்கு எழுதப் போவதில்லை.

நேற்று வந்த உன் பார்சலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சரியான அளவிலேயே தைத்திருப்பாய். இருந்தாலும் என்னால் அதைப் போட முடியாது.

கடைத்தெருவில் ரெடிமேட் பேண்ட் ஒன்று வாங்கினேன். கால் நீளம், இடுப்பில் பின்பக்கம் கொஞ்சம் தூக்குகிறது, துணியும் மட்டம்தான். நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய். ஆனால் அதில் இருக்கிற எண்ணை என்னை யாரென்றே தெரியாத ஒருவர் போட்டிருக்கிறார். அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தங்கை