மீசையின் வலப்பாதி கறுத்தது தொடர்பாக

அனுப்புநர்:
முடிதிருத்தும் கடைக்காரர்,
சுருட்டுக் கடைக்கு நேர் எதிரில்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
கடை உரிமம் மற்றும் பொருள் தரப் பிரிவு.

பொருள்: சுருட்டின் மேலிலைக்குச் சாயம் பூசி விற்பதும், அதனால் என் உரிமத்துக்கு வந்த ஆபத்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கடைக்குப் பெரியவர்கள் நரைத்த மீசையோடு வருவார்கள். ஓரம் வெட்டி, நரைத்த மீசையோடே அனுப்பிவைப்பேன். சாயம் பூசும் வேலையை நான் செய்வதே இல்லை. அப்படியிருக்க, சில மாதங்களாகப் பலருக்கு மீசையில் ஒரு பாதி மட்டும் கறுத்துவருகிறது. பழி என் தலையில் விழுந்திருக்கிறது.

2. என் மாமனாருக்கும் இப்படியே ஆயிற்று. "மாப்ள வேணும்னே பண்ணிட்டாரு" என்று சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லிவைத்துவிட்டார். என் மனைவி சாப்பாடு போடுவதோடு சரி, பேசுவதில்லை.

3. மனம் பொறுக்காமல் ஆராய்ந்தேன். மாமனார் சுருட்டை வாயின் இடது ஓரத்தில் வைப்பவர். கறுத்ததும் இடது பாதிதான். அந்தச் சுருட்டை ஈரத்துண்டால் துடைத்தேன். துண்டு கறுத்தது, சுருட்டு வெளுத்தது. இலை கறுப்பாக இருந்தால்தான் சரக்கு காரம் என்று நம்பி வாங்குகிறார்களாம். சுருட்டுக் கடைக்காரரிடம் கேட்டதற்குக் கொஞ்சமும் கூசாமல், "அந்தப் பக்கமும் வச்சுப் பிடிக்கச் சொல்லுங்க, சமமாயிடும்" என்றார். இப்போது தெருவில் பலர் காலையில் இடது, மாலையில் வலது என்று முறை வைத்துப் பிடிக்கிறார்கள். அவருக்கு வியாபாரம் இரட்டிப்பு. என் கடை நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

4. இந்நிலையில், தங்கள் மீசையின் வலப்பாதியை நான் பாழாக்கியதாகக் கூறி, ஏன் என் உரிமத்தை ரத்து செய்யக் கூடாது என்று கேட்டுத் தாங்கள் அனுப்பிய அறிவிப்பு கிடைத்தது. இந்தக் கடை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

5. தங்களுக்குச் சவரம் செய்யும்போதெல்லாம் சட்டைப்பையில் சுருட்டைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டதாக வீட்டு அம்மா அனைவரிடமும் பெருமையாகச் சொல்லிவருவதால், நான் இதுவரை வாய் திறக்கவில்லை. இனியும் திறக்கும் எண்ணம் இல்லை.

6. ஆகவே, சுருட்டை ஆய்வுக்கு அனுப்பி, சாயத்தைத் தடுத்து, என் மீதான அறிவிப்பைத் திரும்பப் பெறுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அதுவரை தாங்கள் மீசையை எடுத்துவிடவோ, சுருட்டை இடது ஓரத்துக்கு மாற்றிவிடவோ வேண்டாம். என் பக்கம் பேசுவதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த மீசைதான்.

இடம்: என் கடை
நாள்: பதில் தர அறிவிப்பில் குறித்த கடைசி நாள்

தங்கள் முகத்தை நன்கறிந்த,
(ஒப்பம்)
முடிதிருத்துபவர்

இணைப்பு: துண்டு ஒன்று. முன்பு வெள்ளை.