பசுங்கணிகம் சமைத்தால் போதுமா?

இன்று ஜூலை பதினான்கு. எனக்கு எழுபத்தொன்பது வயது முடிந்து இரண்டு மாதம். பூச்சாடித் தண்ணீரை மாற்ற மறந்ததில் சமையலறை முழுக்க நாற்றம். கல்லூரி ஆய்வகத்தில் ஒருசெல் உயிரியான பாரமீசியம் வளர்க்க நீ வைக்கோல் ஊறவைத்த ஜாடியும் இப்படித்தான் நாறும். தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுதுகிறேன். நீ செத்துப்போனதால் பதில் வரும் தொல்லை இல்லை.

ஒரே துறையில் இருவரும் ஆசிரியைகள். பள்ளிப் பாடநூலில் செல் பற்றிய பாடத்தைத் தமிழில் எழுதுவது ஒன்றே உன் ஆசை. வாய்ப்பு வந்தது. மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்து உட்கரு, செல் சவ்வு என்று சொற்களை உரக்கச் சொல்லிப் பார்ப்பாய், காபி ஆறும். பாடத்தை மட்டும் காட்டவில்லை. அச்சானதும் பார் என்றாய்.

அச்சாகும் முன்பே அது திரும்பி வந்தது. விலங்கு செல்லுக்கு உணவை ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியா, தாவர செல்லுக்கு உணவு தயாரிக்கும் பசுங்கணிகம் என்று பாகப்பிரிவினை செய்திருந்தாய். பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஓரத்தில் தட்டச்சு செய்திருந்தார்: ‘பசுங்கணிகம் சமைக்கிறது, சரி. சமைத்தவள் சாப்பிட வேண்டாமா? தாவர செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு.’

உனக்குக் கோபம் வந்தால் பட்டம் பதவியெல்லாம் விலகி, பிறந்த ராயப்பேட்டை வெளியே வரும்.

“எவனோ ஒரு கெழவன்டி. வூட்ல பொண்டாட்டிய ஒரு நாளாவது சாப்ட்டியான்னு கேட்டிருப்பானா? எனுக்குப் பாடம் எடுத்துக்கினு கீறான்.”

திட்டிக்கொண்டே திருத்தினாய். பாடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று பாடநூல் குழு முடிவெடுக்க இருந்ததும், அதே மதிப்பீட்டாளர் பிடிவாதமாக உனக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்டதும் பிறகு உன் காதுக்கு வந்தன. அதற்காகவும் திட்டினாய், அவன் தயவு யாருக்கு வேண்டும் என்றாய். தி. நகர் கடையில் பாடநூலை வாங்கி, பேருந்தில் அடையாறு வரும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். அன்றும் கிழவனை விடவில்லை. முன் இருக்கைக்காரர்கள் திரும்பிச் சிரித்தார்கள்.

மதிப்பீட்டாளர் பெயரை வெளியிடக் கூடாது என்பது குழுவின் விதி. புத்தகம் வந்த பிறகு அந்த விதிக்கு வேலையில்லை. சொல்லியிருந்தால் நீ நன்றி சொல்லத் தொடங்கியிருப்பாய். நன்றி உனக்கு வராத கலை. திட்டுவது வரும். உன் வசவுகளில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை.

அந்தக் கிழவன் நான்தான்.