இடது பக்கக் கியர்

மார்ச் 4, செவ்வாய்

புது டிராக்டர் காலை ஒன்பதே காலுக்கு வந்து சேர்ந்தது. அப்போது இருந்தவர்கள்: நான், நாத்தனார், கணவரின் அண்ணனான மூத்தார், வண்டியை ஓட்டிவந்த கம்பெனி மெக்கானிக். ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் என் கணவர். ஆக ஐந்து பேர்.

மெக்கானிக் நீட்டிய படிவத்தில் 'பயிற்சியின்போது உடனிருந்தோர்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஐந்து என்று எழுதினேன். மூத்தார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "அவனையும் சேத்துட்டியாம்மா?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வண்டிக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்தவர் என் கணவர்தான். எழுதிக் கொடுத்த நாலாம் நாள் பக்கவாதம். ஏழு வாரம் ஆகிறது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. கண் திறந்திருக்கிறது, ஆனால் எதன் மேலும் நிற்பதில்லை. இடது கை மட்டும் எப்போதாவது அசையும்.

வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் மூத்தார். நான் ஓட்டுகிறேன் என்றேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் மட்டும், "அப்ப ஏன்க்கா கீழயே நிக்கிறீங்க, ஏறுங்க" என்றார்.

ஜன்னலுக்கு நேராக நிறுத்தி ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். மறக்காமலிருக்க:

இருக்கைக்கு இடது பக்கம் பெரிய கம்பி. அதில் நாலு கியர். ஒன்று — பின்னால் இழுக்க வேண்டும். இரண்டு — அப்படியே நேர் முன்னால். மூன்று — நடுவுக்கு வந்து, வெளிப்பக்கம் தள்ளி, பின்னால். நாலு — அங்கிருந்து முன்னால். நடுவில் நின்றால் நியூட்ரல்.

வலது பக்கம் சின்னக் கம்பி. முன்னால் வேகம், பின்னால் மெது. இதை மாற்ற வண்டி அசையாமல் நிற்க வேண்டும்.

கிளட்ச்சை அடி வரை மிதிக்க வேண்டும். இறக்கத்தில் மிதிக்கவே கூடாது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தி, மெதுவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பாதியில் நினைத்துப் பயனில்லை.

மார்ச் 6, வியாழன்

லேடி டாக்டர் வந்தார். இறகால் பாதத்தைத் தடவினார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், கூப்பிட்டார். ஒன்றும் இல்லை. இடது கை அசைகிறதே என்றேன். முப்பது வருஷம் உழைத்த கை, தசை பழக்கத்தில் ஆடும், அதற்கு மனசு தேவையில்லை என்றார்.

ஆஸ்பத்திரியில் கை கால் பழக்கும் பயிற்சி வார்டில் நினைவு இருப்பதற்கு அடையாளம் உள்ளவர்களை மட்டும்தான் எடுப்பார்களாம். இந்த முறைக்கான பட்டியல் இருபத்தைந்தாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் அடையாளம் எதுவும் தெரியாவிட்டால் பராமரிப்பு இல்லம். அதற்கான தாளைக் கொடுத்துவிட்டுப் போனார், நான் கையெழுத்துப் போட வேண்டும். இல்லத்தில் வேளாவேளைக்குத் திருப்பிப் படுக்க வைப்பார்கள், குழாயில் ஊட்டுவார்கள். அவ்வளவுதான்.

கிளம்பும்போது சொன்னார்: "எதையாவது பாத்தா நேரத்தோட எழுதி வைங்க. ஆனா பாத்ததை மட்டும் எழுதுங்க. ஆசைப்பட்டதை எழுதாதீங்க."

மார்ச் 7, வெள்ளி

கியர் விழவில்லை. கடகடவென்று கத்துகிறது. நாத்தனார் ஜன்னலிலிருந்து, "அண்ணி, அது உங்கள பாத்து பல்லக் கடிக்குது" என்றாள். கிளட்ச்சை முக்கால்வாசிதான் மிதித்திருக்கிறேன்.

எனக்கு எதையும் உரக்கப் படித்தால்தான் ஏறும். எழுத்துக் கற்றதே அப்படித்தான். மாலை ஜெபம் முடித்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிராக்டர் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். ஒன்று பின்னால், இரண்டு முன்னால். ஆண்டவன் பெயரைச் சொன்ன வாயால் உடனே கிளட்ச் என்று சொல்வது ஒரு மாதிரிதான் இருக்கிறது. மன்னிப்பார்.

மார்ச் 10, திங்கள்

வீட்டுக்குப் பக்கத்து வயல் முழுவதும் உழுதேன். நானேதான். வண்டி மீட்டரில் இதுவரை மொத்தம் பதினொரு மணி நேரம் காட்டுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

நாத்தனார் சொன்னாள், நேற்றுக் காலையில் நான் உழும்போது அவர் இடது கை போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுத்ததாம். அரிப்பாக இருக்கும் என்று எண்ணெய் தடவினாளாம். கை நிற்கவில்லையாம். நான் சாப்பிட வந்ததும் நின்றுவிட்டதாம்.

மார்ச் 12, புதன்

கிளட்ச் பெடலில் ஆட்டம் அதிகம் என்று சொல்லியிருந்தேன். மெக்கானிக் மதியம் வந்து சரிசெய்துவிட்டு, வாசலில் வட்டமடித்துப் பார்த்தார். நான் உள்ளே அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். இடது கை என் கைக்குள் இருந்தது.

வெளியே எஞ்சின் சத்தம் ஒரு கணம் தணிந்தது. என் கைக்குள் அந்தக் கை மூடிக்கொண்டது. பின்னால் இழுத்தது. வெளியே வண்டி நகர்ந்தது. மறுபடி சத்தம் தணிந்தது — கை நேர் முன்னால் போனது. அடுத்து நடுவுக்கு, வெளிப்பக்கம், பின்னால். கட்டிலுக்கு வெளியே வெறும் காற்றில் ஒரு கம்பி இருப்பதுபோலச் சரியாக அந்த இடத்தில் நின்றது. விரல்கள் வளைந்திருந்தன. ஒரு கம்பியின் கனத்துக்கு.

முகத்தைப் பார்த்தேன். கண் கூரையில் இருந்தது. முகத்தில் யாரும் இல்லை.

மெக்கானிக் ஒருதரம் அவசரப்பட்டார், கியர் கடித்தது. அப்போது கட்டிலில் இவர் தாடை இறுகியதைப் பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நகவெட்டி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

வண்டியை எடுக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். பொய்.

பயமாயிருக்கு. யாரப் பாத்து? இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனப் பாத்து. கஞ்சி ஊட்டப் போகும்போது அந்தக் கைப் பக்கம் போகாம சுத்திப் போறேன். இதை எங்க போய்ச் சொல்ல? ஆண்டவனே, அது அவரா? அவரா இருந்தா ஏன் என்னப் பாக்க மாட்டேங்கிறார்? அவர் இல்லன்னா, அந்தக் கைய ஆட்டுறது யாரு?

மார்ச் 15, சனி

நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப சின்னண்ணன் தினம் வேலைக்குப் போறாரு. நாமதான் சும்மா படுத்திருக்காருன்னு நெனச்சோம்" என்றாள்.

இருவரும் ஒரு ஏற்பாடு செய்தோம். என் கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒத்து வைத்தோம். நான் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி நேரம் குறிக்க வேண்டும். அவள் கையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

பக்கத்து வயலில் பதினான்கு முறை மாற்றினேன். அவள் தாளில் பதினான்கு. எல்லாம் அதே நிமிஷம்.

காதில் விழுகிறது. அவருக்குக் காது கேட்கிறது. அதுதானே இதற்குப் பொருள்? இன்று கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினேன்.

மார்ச் 17, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மேட்டைத் தாண்டி இருக்கும் தூரத்து வயலுக்கு, டிரெய்லரில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு போனேன். மேட்டுக்கு அப்பால் போனால் எஞ்சின் சத்தம் வீட்டுக்குக் கேட்காது. நாத்தனாருக்கும் கேட்கவில்லையாம், பிறகு விசாரித்துக்கொண்டேன்.

மழை திரண்டிருந்தது. அவசரத்தில் மூன்றாம் கியரில், வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். அப்படியே இறங்கிவிடலாம் என்றுதான் எண்ணம். ஆனால் இறக்கத்துக்குப் பத்தடி முன்னால் நிறுத்திவிட்டேன். என் வலது கை சின்னக் கம்பியின் மேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது. மெதுவுக்கு இழுத்தது. நான் இழுக்கவில்லை என்று எழுதினால் பொய். இழுத்தேன் என்று எழுதினாலும் பொய். கடிகாரத்தைப் பார்த்தேன், 11.09.

பாதி இறக்கத்தில் பாதையைக் காணோம். முந்திய மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டி அடியடியாக இறங்கியதால் ஓரமாக ஒதுங்க முடிந்தது. வேகத்தில் வந்திருந்தால் மூட்டைகளின் பாரம் தள்ள, நானும் வண்டியும் பள்ளத்துக்குள்தான்.

வீட்டுக்கு வந்து நாத்தனார் தாளைப் பார்த்தேன். அவள் எழுத்தில்: "11.08. கை நடுவுக்கு வந்தது. பிறகு வயிற்றுக்குக் குறுக்கே வலது பக்கம் போனது. செத்த கைக்குப் பக்கத்தில் எதையோ பிடித்துப் பின்னால் இழுத்தது. ரொம்ப பலமாக. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்."

11.08.

இரண்டு கடிகாரங்களையும் மறுபடி ஒத்துப் பார்த்தேன். பிசகில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அதிகம் ஜெபித்தேன். எதற்கென்று சொல்லி ஜெபிக்கத் தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

மூத்தார் வந்தார். தாள்களை எல்லாம் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார்.

"முப்பது வருஷம் கியர் போட்ட கைம்மா அது. சத்தம் கேட்டா ஆடும். தலை போன கோழி கூட வாசல் வரைக்கும் ஓடுது" என்றார்.

நாத்தனார், தன் கூடப்பிறந்தவரைக் கோழி என்று சொல்ல எப்படி வாய் வந்தது என்று பாய்ந்தாள். மூத்தார் கண்ணாடியைக் கழற்றினார். "நானும்தான் மூணு வாரம் அவன் காதுல கத்திப் பாத்தேன். யாருக்கும் சொல்லல" என்றார்.

அதன் பிறகு நான் எதுவும் வாதாடவில்லை. பழக்கம் என்றால் பழக்கம்தான். அந்த ஒரு நிமிஷம்? எனக்குத்தான் பார்வை பிசகியிருக்கும். டாக்டர் கொடுத்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். நாளைக் காலை, தெளிந்த மனதோடு கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

இவர் முப்பது வருஷம் ஓட்டிய பழைய டிராக்டரைத் தன் நிலத்துக்குக் கொண்டுபோக மூத்தார் காலையில் வந்தார். கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்க நானே ஏறினேன். உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தேன். என் இடது கை தானாக இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைத் தேடியது.

அங்கே ஒன்றும் இல்லை.

பழையதில் இரண்டு கம்பியும் நடுவில், முழங்கால்களுக்கு இடையில். இரண்டையும் போடுவது வலது கை. இடது கைக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பதைத் தவிர வேலையே கிடையாது. ஒன்றாம் கியர் முன்னால் தள்ள வேண்டும், பின்னால் அல்ல.

இறங்காமல் அப்படியே கேட்டேன். "உங்க தம்பி இதுல எப்படி கியர் போடுவாரு, ஒரு தடவ செஞ்சு காட்டுங்க."

மூத்தார் கீழே நின்றபடி வலது கையை மடக்கி, முழங்காலுக்கு முன்னால் தள்ளிக் காட்டினார். இரண்டாவதுக்குப் போகும்போது கை நின்றது. தன் இடது கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பழக்கம் இருந்தது வலது கையில். அது செத்துப்போன கை. இந்த இடது கை ஆயுளில் ஒரு கியரும் போட்டதில்லை. புது வண்டியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறார். மெக்கானிக் ஜன்னலடியில் சொன்னதையும், நான் தினமும் படித்ததையும் கேட்டு, மனப்பாடம் பண்ணி, அந்த இருட்டுக்குள்ள கிடந்து பழகியிருக்கார். தனியா. என்ன விட சீக்கிரமா கத்துக்கிட்டிருக்கார்.

மூத்தார் உள்ளே போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். நான் புது வண்டியை வாசலில் எடுத்து ஓட்டினேன், நினைத்த இடத்தில் நினைத்த கியர் போட்டு. கால் மணி நேரம் கழித்து ஜன்னலுக்கு வந்தார்.

"கடைசியா மூணு போட்டியா?"

"ஆமா."

"போட்டான்" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 21, வெள்ளி

டாக்டருக்கு எழுதிய கடிதத்தின் நகல். மூத்தார் கையில் கொடுத்து அனுப்பப்போகிறேன்.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

நீங்கள் கொடுத்த தாளைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒன்பது தாள்கள் உள்ளன. என் எழுத்தும் நாத்தனார் எழுத்தும் தனித்தனி. பழைய வண்டியிலும் புது வண்டியிலும் கியர் எங்கெங்கே இருக்கிறது என்று படம் போட்டிருக்கிறேன். முதலில் அதைப் பாருங்கள். பழகிய கை பழையதைத்தானே செய்யும்? இவர் புதியதைச் செய்கிறார். வலது பக்கக் கம்பிக்காக இடது கையைக் குறுக்கே கொண்டுபோகிறார். இது ஆசை அல்ல. கணவரின் அண்ணனும் பார்த்திருக்கிறார், அவர் கையெழுத்தும் இருக்கிறது.

பதினேழாம் தேதித் தாளில் ஒரு நிமிஷம் முன்னதாக இருக்கிறது. அந்த நிலத்தில் இறக்கம் எங்கே தொடங்கும், வண்டி அங்கே எப்போது போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும், அதனால் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. பார்த்ததை எழுதச் சொன்னீர்கள், அடிக்காமல் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

இன்னொன்று. இதை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வண்டி இன்று முழுவதும் வாசலில் அணைந்து நிற்கிறது. சாவி என் மடியில் இருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லை. அவர் கை சற்று முன்பு கட்டிலுக்கு வெளியே போய் நாலாம் கியர் போட்டது. இன்னும் அதை விடவில்லை. அந்தக் கியரை நான் இதுவரை போட்டதே இல்லை. எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இருபத்தைந்து வரை காத்திருக்க வேண்டாம். வந்து பார்க்கிறீர்களா என்று இவர் அண்ணன் கையிலேயே ஒரு வரி பதில் எழுதிக் கொடுங்கள். தயவுசெய்து சீக்கிரம்.