கேமரா மல்லிகா கேமராவைப் பார்க்கவில்லை

என் மஞ்சள் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு போய் என் நிம்மதியைக் கெடுத்த, என் ஆசை ஓரகத்தி மல்லிகா அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். போன இடத்திலும் நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்துச் சிரித்துக்கொண்டுதான் இருப்பாய். நான்தான் இங்கே வயிறு எரிந்து கிடக்கிறேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் உன்மேல் பொறாமைப்பட வைக்கிறாயே, இது நியாயமா அக்கா?

விஷயத்தைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் அடி அண்ணாமலைக்கு ஷூட்டிங் வந்ததே, அந்தப் பெரிய படத்தை மறுபடி தியேட்டரில் விட்டிருக்கிறார்கள். இப்போது அதுதான் பழக்கம். ஓடி முடிந்த படத்தைத் தூசி தட்டி, அப்போது நீளம் என்று வெட்டிப்போட்டதையெல்லாம் திரும்ப ஒட்டி, கூடுதல் காட்சிகளுடன் என்று போஸ்டர் அடித்துவிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அந்தப் போஸ்டரைப் பார்த்ததும் எனக்கு முதலில் உன் நினைப்பு வந்தது. அடுத்து பயம் வந்தது.

எதற்குப் பயம் என்று உனக்குத் தெரியும். நம் தெருவுக்குத் தெரியாது. அதனால்தான் இதைத் தெருவே படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ சினிமாப் பைத்தியம், கேட்காமல் விடமாட்டாய். இரண்டாம் தடவை பார்க்கலாமா என்று என் பையனும் உன் மகள் பிரியாவும் வீட்டில் பெரிய சண்டை. "கதை தெரிஞ்ச படத்துக்கு எதுக்கு சித்தி தியேட்டரு? வெட்டின சீனு மட்டும் ஃபோன்ல வரும், பாத்துக்கலாம்" என்று முதலில் சொன்னது பிரியாதான். என் பையன், "பெருசா பாக்கணும், அப்பதான் அது படம்" என்றான். நான் இரண்டு பக்கமும் சேராமல் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

மீன் குழம்பு மறுநாள் ருசி கூடும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பழைய குழம்பில் தண்ணீர் ஊற்றி நீட்டினால் யார் சாப்பிடுவார்கள்? வில்லனுக்கு ஒரு பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். ஹீரோவின் சின்ன வயசுக் கதை பத்து நிமிஷம் இழுக்கிறது. ஒரு காமெடி வருகிறது, அதற்கு அப்போதே யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். உன் கொழுந்தனார், அதுதான் என் வீட்டுக்காரர், இடைவேளைக்கு முன்பே குறட்டை. அன்றைக்குக் கத்திரி பிடித்தவன் விவரமானவன்தான் என்று நினைத்தேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவன் தப்புப் பண்ணிவிட்டான். அந்த இடத்தில் நீ இருந்தாய்.

அந்த நாள் நினைவிருக்கிறதா? கிரிவலப் பாதையில் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்துவிட்டு ஹீரோயின் தேடுகிற காட்சி. நிஜப் பௌர்ணமிக் கூட்டத்தில் எடுக்க முடியாது என்று, ஒரு சாதாரண நாள் காலையில் நம் ஊர்ப் பெண்களையே கூட்டமாக நிற்க வைக்கக் கூப்பிட்டார்கள். உன் நல்ல புடவை துவைத்துக் காயாமல் கிடந்தது. என்னிடம் வந்து, "ஏதாவது ஒரு பொடவ குட்றி, அவசரத்துக்கு" என்றாய்.

பீரோவில் பத்துப் புடவை இருந்தது. அதில் இருப்பதிலேயே வெளுத்துப்போன அந்த மஞ்சள் காட்டனைத்தான் உனக்கு எடுத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான் கொடுத்தேன். நான் தலைதீபாவளிக்கு வாங்கிய ஜிகினா புடவையைக் கட்டிக்கொண்டேன். ஒரு நாளாவது உன் பக்கத்தில் நின்றால் என்னை முதலில் பார்க்கவேண்டும் என்று ஆசை. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அது நடக்கவே இல்லையே! நான் பன்னிரண்டாவது வரை படித்தேன், அங்கன்வாடி டீச்சர் ஆனேன். நீ எட்டாவதோடு நின்றாய். ஆனாலும் விருந்தாளி வந்தால் "மல்லிகா எங்க?" என்றுதான் கேட்பார்கள். என் பையனே பசித்தால் பெரியம்மாவிடம்தான் ஓடுவான்.

அந்த உதவி டைரக்டர் பையன் மைக்கை வைத்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்து நின்றேன். "ஜிகினா கட்டினவங்கல்லாம் பின்னாடி போங்கம்மா, கேமராவுக்குக் கண்ணு கூசும். அந்த மஞ்சள் காட்டன் அக்கா, நீங்க முன்னாடி வாங்க" என்றான். வெட்டின குழியில் நானே விழுந்தேன். என் புடவைக்குக் கூட சினிமாவில் இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

நான் பின்னாலும் நிற்கவில்லை. புளியமரத்தடியில் டீ கேன் வைத்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கேமரா ஓடும்போது நீ திரும்பினாய். கையைத் தாழ்த்தி, வளையல் குலுங்க, "சுமதி, வாடி இங்க!" என்று கூப்பிட்டாய். மைக்கில் கத்தினான், "மஞ்சப் பொடவ, திரும்பாதீங்கம்மா!" மறுபடி எடுத்தார்கள். மறுபடி திரும்பினாய். மூன்றாவது தடவையும் திரும்பினாய். கூட்டத்து இரைச்சலில் மற்றவர்கள் கவனிக்கவில்லை, எனக்குக் கேட்டது அக்கா. மூன்று தடவையும் கேட்டது. ஹீரோயின் பக்கத்தில் நிற்பதை எனக்குக் காட்டத்தான் கூப்பிடுகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய்: "ஏன்டி வரல? பக்கத்துல எடம் புடிச்சி வெச்சிருந்தனே. முந்தானையை உள்ள சொருகிக்கினு நின்னா ஜிகினா தெரிஞ்சிருக்காது."

"தலவலி" என்றேன்.

படம் வந்தது. நம் தெருவே வேன் பிடித்து டவுனுக்குப் போனோம். நீ புதுப்பூ வைத்துக்கொண்டு வந்தாய். கிரிவலக் காட்சி வந்தது, போனது. நீ இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் ஏன் ஏன் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். "கேமராவ பாக்காதீங்கன்னு தலையால அடிச்சிக்கினாங்க. இவங்க ஆசையில அதையே பாத்துனு இருந்தாங்க. அதான் கட் பண்ணிட்டாங்க" என்றேன்.

வேன் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். அப்படி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

மறுநாளிலிருந்து நீ கேமரா மல்லிகா ஆனாய். ரேஷன் கடையில் கேமரா மல்லிகா, பால்காரரிடம் கேமரா மல்லிகா. வெளியூர்க்காரர்கள் நீ ஸ்டூடியோ வைத்திருக்கிறாய் என்று நினைத்தார்கள். நம் ஊரில் பட்டப்பெயர் ஒட்டினால் செத்தாலும் போகாது என்பார்கள். அது உண்மைதான். கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தபோது, வெறும் மல்லிகா என்று போட்டால் யாருக்கும் தெரியாது என்று, கேமரா மல்லிகா என்றே போட்டார்கள். பாசமாகத்தான் போட்டார்கள். அந்தப் பேனருக்குக் கீழே நின்று நான் அழுததைப் பார்த்து, ஓரகத்தி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது அதே தெரு, மறுபடி ஒரு வேன். இந்தத் தடவை உன் இடத்தில் பிரியா. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தக் காட்சி வந்தது. ஹீரோயின் அழுதுகொண்டே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். சுற்றி நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் பொம்மை மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். நீ மட்டும் திரும்புகிறாய். கேமராவைப் பார்க்காமல், பக்கவாட்டில் முகம் தெரிய, கையைத் தாழ்த்தி, யாரையோ வா வா என்று கூப்பிடுகிறாய். குழந்தையைத் தேடுகிறவள் பின்னால் இன்னொருத்தியும் தன் ஆளைத் தேடுகிற மாதிரி அது அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. அத்தனை பெரிய கூட்டத்தில் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான்.

தியேட்டரில் விசில் பறந்தது. பிரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உன் கொழுந்தனார் தூக்கம் கலைந்து, "அண்ணி எவ்ளோ அழகா இருக்காங்க பாரு!" என்றார். என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டுச் சொல். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது உன் விஷயத்தில்தான் சரி.

எதிர்வீட்டுச் சாந்தா என் பக்கம் சாய்ந்தாள். "இன்னாடி சுமதி, கேமராவையே பாத்துனு இருந்தான்னு சொன்ன? அவ அந்தப் பக்கமே பாக்கலியே! யாரையோ இல்ல கூப்புட்றா?"

"அது வேற தடவ எடுத்ததா இருக்கும்" என்றேன். பன்னிரண்டு வருஷம் கழித்தும் எனக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, பார்.

வெளியே வந்ததும் பிரியா கேட்டாள். "சித்தி, அம்மா யாரைக் கூப்புடுது?"

"தெரியலியேடி. கூட்டத்துல யாரையோ."

அவள் நம்பிவிட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு நாள் கழித்து, அங்கன்வாடியை மூடிவிட்டு யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் பஸ் ஏறினேன். ஒருவேளை நீ வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பாய், எனக்குத்தான் நினைவு தப்பு என்று ஒரு நப்பாசை. இடைவேளை முடிந்து விளக்கு அணைந்த பிறகு, வாசல் திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். பார்த்தால் மாமா. உன் வீட்டுக்காரர்தான். தினமும் வருகிறாராம். டிக்கெட் கிழிக்கிறவருக்கே பழகிவிட்டதாம், அந்தக் காட்சிக்கு முன்னால் உள்ளே விடுகிறார். நீ திரும்பிக் கையசைக்கும் வரை நிற்கிறார், பிறகு போய்விடுகிறார். எனக்காக யாராவது இப்படி வந்து நிற்பார்களா அக்கா?

நானும் அவர் பின்னாலேயே வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். மாமாவும் நானும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே குறைவு. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவ உன்னத்தாம்மா கூப்புட்றா. அன்னிக்கே சொன்னா."

நான் கேட்டேன்: "அப்ப, நான் வேன்ல சொன்னது?"

"அதுவும் தெரியும். நான் கேக்கறேன்னு எழுந்தேன். அவதான், ‘விடுங்க, சுமதிக்கு மனசு எரிஞ்சிதான் பேசியிருக்கும், எடம் கெடைக்கல பாவம்’னா." அவ்வளவு சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வரவில்லை அக்கா. கோபம்தான் வந்தது. இதிலும் நீயே ஜெயித்துவிட்டாய். திரையில் இடம் உனக்கு, விசில் உனக்கு, தினமும் வந்து நிற்கிற மனுஷன் உனக்கு. பொறுத்துப்போனவள் என்கிற பெயரும் உனக்கே என்றால் எனக்கு மிச்சம் என்ன? என்னைத் திட்டியாவது இருக்கலாம். ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். உன்னிடம் தோற்கிறோம் என்றே தெரியாமல் பத்து வருஷம் உன்னோடு ஒரே அடுப்பில் மல்லுக்கட்டினேன்.

திரையில் உனக்கு முப்பத்துநாலு வயசு. எனக்கு நாற்பத்துமூன்று, முன்நெற்றி நரைத்தாயிற்று. நீ அப்படியே இருப்பாய், நான் மட்டும் கிழவியாவேன். அதிலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்க மாட்டேன். இனிமேல் பார்த்தால் நான்தான் அக்கா, நீ தங்கச்சி. மூத்தவளுக்கு என்று ஒரு பொறுப்பு இருக்கிறது இல்லையா?

அதனால் எழுதிவிட்டேன். மல்லிகா அக்கா கேமராவைப் பார்க்கவில்லை. எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். பொய் சொன்னவள் நான். இந்தக் கடிதத்தை முதலில் பிரியாவிடம்தான் கொடுப்பேன். படித்துவிட்டு அவள் நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடட்டும். என்னிடம் பேசாமல் போனால் போகட்டும். நீ பொறுத்தமாதிரி அவளும் பொறுக்கவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

வெட்டியதை ஒட்டி மறுபடி விடுகிற படத்தையெல்லாம் போய்ப் பார்க்கலாமா என்று சாந்தா கேட்டாள். படத்துக்காக என்றால் வேண்டாம் என்பேன். வெட்டியதில் நம் ஆள் யாராவது இருந்தால் போகத்தான் வேண்டும், அங்கே என்ன காத்திருந்தாலும்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னியோடு படத்தை எடுத்துவிடுகிறார்களாம். அந்த மஞ்சள் புடவை பிரியாவிடம்தான் இருக்கிறது. துவைத்து மடித்து நீ திருப்பிக் கொண்டுவந்தபோது, நீயே வைத்துக்கொள் என்று முகத்தில் அடித்தமாதிரி சொன்னேனே, அதேதான். மனசு இருந்தால் அவள் அதைக் கட்டிக்கொண்டு வரட்டும். நான் ஜிகினா புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். முந்தானையை உள்ளே சொருகிக்கொண்டு முன்வரிசைக்கு வருவேன். நீ திரும்பி, கையைத் தாழ்த்திக் கூப்பிடும்போது நான் எழுந்து நிற்பேன். மறைக்குது உக்காரும்மா என்று பின்னாலிருந்து யார் கத்தினாலும் உட்கார மாட்டேன். தெருவே கேட்கிற மாதிரி, "இதோ வந்துட்டேன்க்கா" என்று சொல்வேன். இது சத்தியம்.

இன்னும் பொறாமை தீராமல்,
புளியமரத்தடியிலிருந்து இப்போதுதான் எழுந்து வரும்
உன் சின்ன ஓரகத்தி,
சுமதி