கயிறு கட்டி இழுத்த கல்யாணக் கார்

மாமா,

நேற்று உங்கள் பேரன், அதாவது என் மகன், ஒரு ஜப்பான் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினான். கதவைச் சாத்திப் பார்த்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நீங்கள் வாடகைக்கு ஓட்டிய அமெரிக்கக் காரின் கதவைச் சாத்தினால் பதுளை ஹயர் கார் ஸ்டேண்டே திரும்பிப் பார்க்குமே! சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

யாரோ ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரை சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. ஸ்பிரிங்வெளி ரோட்டில் அது வந்தால் நம் சனங்கள் ஓரம் ஒதுங்கி நின்ற காலம் ஒன்று இருந்தது. அதையே வாங்கி ஓட்டிவந்து, வரிசை வீடுகளான நம் தோட்டத்து லயத்துக்குக் கீழே நிறுத்தி, அம்மாவிடம் சொன்னீர்கள்: "அக்கா, ஒம் மக கல்யாணத்துக்கு இந்தப் பின்சீட்டுலதான் போகணும். அதுதான் தாய்மாமன் சீரு."

ஸ்டேண்டில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்பது பஜாரில் எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் சின்ன ஜப்பான் கார். அதைக் கண்டாலே உங்கள் வாய் சும்மா இருக்காது.

"இது காரா நானா? தகரப் பெட்டிக்குச் சக்கரம் பூட்டியிருக்கு!"

"தகரமோ தங்கமோ, காலைக் குளிர்ல ஒரே தடவையில ஸ்டார்ட் ஆகுது. ஒங்க கப்பலத் தள்ள நாலு பேர் வேணுமே!"

நானா சொன்னது நிஜம்தான் மாமா. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் உங்கள் கார் யானைப் பசியோடு குடித்தது. உதிரிச் சாமான் ஒன்று தேய்ந்தால் கொழும்பிலும் கையை விரித்தார்கள். நானாவுக்கோ எண்ணெய் மாற்றுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஆனாலும் தோட்டத்துக் குழியில் அவர் கார் குதிக்கும்; உங்களுடையது தொட்டில் மாதிரி ஆடிப் போகும். அந்தத் தடித்த இரும்பும் சோபா போன்ற சீட்டும் வேறு எதற்கு வரும்?

என் கல்யாணம் பண்டாரவளைக் கோயிலில். காருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். எல்ல என்ற ஊரைத் தாண்டி, ஏற்றம் முடியப்போகிற இடத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றேவிட்டது. தண்ணீர் ஊற்றினீர்கள், திட்டினீர்கள், கும்பிட்டீர்கள். அசையவில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த நானா என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "நம்ம கார்ல ஏறுங்க புள்ள, நேரம் போகுது."

உங்கள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை உங்களிடம் நான் கண்டதே இல்லை. "ஏறிக்கம்மா," என்றீர்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வீம்பு வந்ததோ! "நான் எறங்க மாட்டேன். எங்க மாமா கார்லதான் போவேன். தள்ளுறவங்க தள்ளுங்க!" கல்யாணப் பெண் பேசுகிற பேச்சா அது? அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நானாதான் முதலில் சிரித்தார். கயிற்றை எடுத்துத் தன் காரோடு உங்கள் காரைப் பிணைத்தார். முன்னால் தகரப் பெட்டி இழுக்க, பின்னால் சனமெல்லாம் தள்ள, ஏற்றம் கடந்தோம். கோயில் வாசல்வரை நீங்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தீர்கள், ஏதோ நீங்கள்தான் நானாவைத் தள்ளிக்கொண்டு போவதுபோல!

"ஒங்க கார் கெட்டிதான் நானா," என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டீர்கள்.

"அது கெடக்கட்டும். புள்ள எறங்கல்லியே!" என்றார் அவர்.

நேற்று மகன், "முன்னுக்கு ஒக்காருங்கம்மா," என்றான். மாட்டேன் என்றேன். இந்தக் கார் என்னை நடுவழியில் விடாது, அது எனக்குத் தெரியும். ஆனால் லயத்துப் பெண்ணைத் துரையின் சீட்டில் உட்காரவைத்தது உங்கள் கார்தான் மாமா. பின்சீட்டில் ஏறி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன்.

"இப்ப எடுடா," என்றேன்.