முப்பது மணி நேரம்

நவ. 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மலைக்கோயில் கூட்டம் குறைவு, ஆட்டோக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. அணைக்கு மேலே உள்ள மேட்டில் பெய்தால் அணைக்கு எவ்வளவு நேரத்தில் வெள்ளம் வரும் என்பது இந்தக் கணக்கிலிருந்துதான். அந்த நேரத்தை மட்டும் போன மாதமே கொடுத்துவிட்டேன். முப்பது மணி நேரம். அச்சடித்து மின் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பாவா (அக்கா வீட்டுக்காரர்) அங்கேதான் ஷிப்ட். இயந்திர அறை அணைக்கு அடியில்.

மேட்டு மழைமானியின் பதிவேட்டில் ஒரு பக்கம் புரியவில்லை. நாளை நேரில்.
வாங்க: கொத்தமல்லி, சோப்பு, அக்காவுக்கு பி.பி. மாத்திரை.

நவ. 11, செவ்வாய்
கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். மேட்டில் மழை அளக்கும் நாகரத்தினம் டீக்கடைக்கு வந்தார். பதிவேட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை ஒரு துண்டில் சுற்றி. குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி.

மழைமானியைக் காலை எட்டரைக்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுவது விதி. ஆனால் பெய்தது பெரும்பாலும் முந்தின நாள். அதனால் எல்லா மானிக் கணக்கையும் நான் ஒரு நாள் முன்தேதிக்கு நகர்த்தினேன்.

விதியைச் சொன்னேன். நாகரத்தினம்: "நேத்து பேஞ்ச மழைக்கு இன்னிக்கி தேதி எப்படிம்மா போடறது? பொய்யாயிடாது? நான் நேத்து தேதிலதான் எழுதிகினு வரேன். எங்க நைனா இருந்தப்பவும் அப்படித்தான்."

அவர் ஏற்கெனவே நகர்த்தியதை நான் இன்னொரு முறை நகர்த்தியிருக்கிறேன். மேட்டில் இருப்பதோ அவர் மானி ஒன்றுதான். என் கணக்கில் ஒரு நாள் அதிகம். முப்பதில் இருபத்துநாலு போனால் ஆறு.

டீயைக் குடிக்கவில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நவ. 12, புதன்
வங்கக் கடலில் தாழ்வு. வெள்ளிக்கிழமை கனமழையாம்.

அணை இன்ஜினியருக்குப் போன் செய்து தப்பைச் சொன்னேன். "இருக்கட்டும்மா. மழை முடியட்டும், மொத்தமா திருத்தி வேற காயிதம் ஒட்டிக்கலாம்."

பாவாவுக்குப் போன். "சார் கையெழுத்து போட்ட காயிதம்மா அது. நான் எப்படி அடிச்சி எழுதறது? வெள்ளிக்கிழமை கீழ பம்ப் வேலை வேற கீது. நாலு பேரு இறங்கணும்."

அக்காவிடம் மாத்திரை கொடுத்தேன். வேறெதுவும் சொல்லவில்லை.

நவ. 13, வியாழன்
அணைக்கு இரண்டு பஸ். குடையை முதல் பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

மின் நிலையச் சுவர்க் காகிதத்தில் மார்க்கர் பேனாவால் முப்பதை அடித்து ஆறு என்று எழுதினேன். பக்கத்தில் என் பெயர்.

"யாரைக் கேட்டு எழுதின?" என்றார் இன்ஜினியர்.
"தப்பு என்னுதுங்க சார்."

இனி வேலைக்கு வரவேண்டாமாம். சரி. காகிதத்தைக் கிழிக்கவில்லை, அது போதும். பாவா பஸ் வரை வந்தார். அவர் நம்பரை நாகரத்தினத்துக்குக் கொடுத்தேன்.

நவ. 14, வெள்ளி
காலை 10.10. நாகரத்தினம்: "ஒம்பதுலருந்து ஊத்துதும்மா. மானி அதுக்குள்ள பாதி ரொம்பிட்சி. உங்க பாவாவுக்கு மொதல்ல சொல்லிட்டுதான் உனக்குப் பண்றேன்."

சமையல் இல்லை. பிஸ்கட். மணியைப் பார்ப்பதே வேலை. 1.00. 2.00. பயமாக இருந்தது.

3.25. பாவா: "ஆங், வந்துட்சி. கீழ இடுப்பு வரிக்கும் தண்ணி. நாலு பேரும் மேல கீறோம். என் டிபன் பாக்ஸ்தான் கீழயே நின்னுபோச்சி."

அழுதேன். பிறகு அக்காவுக்குப் போன் செய்து டிபன் பாக்ஸ் போனதை மட்டும் சொன்னேன். திட்டினாள்.

5.40. மறுபடி நாகரத்தினம். "நாளைக்கி காலைல அளக்கணும். நீ சொன்ன மாதிரி நாளைக்கி தேதியே போட்டுடட்டுமாம்மா?"

பெய்த தேதியையே போடுங்க என்றேன்.